புரட்டாசி பதினொன்றில் நடந்தவை

அளத்தங்கரையில் பிறக்கிறவர்கள் எல்லோரும் புரட்டாசி பதினொன்றில்தான் பிறப்பார்கள், சாகிறவர்களும் அன்றைக்குத்தான் சாவார்கள், ஊருக்குக் கரண்டு வந்ததும், முதல் பஸ் வந்து திரும்பத் தெரியாமல் உப்பளத்துச் சேற்றில் இறங்கியதும், கடல் ஒரு தரம் தெருவுக்குள் நுழைந்து மாதா கோவில் படியை நனைத்துவிட்டுத் தன்பாட்டுக்குத் திரும்பிப் போனதும் அந்தத் தேதியில்தான். மிச்சமிருக்கும் முந்நூற்றுச் சொச்சம் நாளும் நாங்கள் உப்பு வாருவோம், சாப்பிடுவோம், சண்டை போடுவோம், தூங்குவோம். ஏன் இப்படி என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். எங்களுக்கு அதைவிட அவசரமான கவலைகள் இருந்தன, ஒரே நாளில் இத்தனை பாடைக்கும் மூங்கில் எங்கே வாங்குவது என்பது மாதிரி. கல்யாணம் மட்டும் எந்த மாதத்திலும் நடந்ததால், கல்யாணம் ஒரு சம்பவமே இல்லை என்று ஊர் முடிவுக்கு வந்தது. கல்யாணம் ஆனவர்கள் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை.

தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறினோம், மறைப்பானேன். பிறப்புத் தீட்டும் சாவுத் தீட்டும் ஒரே நாளில் ஒரே தெருவில் விழுந்தால் கோயில் நடையைத் திறப்பதா சாத்துவதா என்று பூசாரி கேட்க, ஊர்க்கூட்டம் மூன்று நாள் உட்கார்ந்து பேசி, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டுவிடும், ஆகவே அளத்தங்கரையில் யாருக்கும் தீட்டே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கோபத்தில் பூசாரி இன்றைக்கும் திருநீற்றைக் கொஞ்சம் தூரத்தில் இருந்தே போடுகிறார். எந்த மாதம் கரு நின்றாலும் சரி, அன்றைக்கு வயிற்றில் ஆறு மாதமானாலும் பதினான்கு மாதமானாலும், பிள்ளை அந்தத் தேதிக்குத்தான் வெளியே வரும், வரும்போது மூன்று கிலோவுக்குக் குறையாமல் வரும் என்பதால், நர்ஸ் சகாயராணி முதல் நாளே பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப்போட்டு வைத்துவிடுவாள். பனையேறி தங்கையா மாசி மாதம் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கியவர், ஏழு மாதம் கட்டிலில் படுத்தபடியே டீ குடித்து, பேப்பர் படித்து, இரண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, தேதி வந்ததும் கண்ணை மூடினார். பிறந்த வீட்டில் இருந்து சாவு வீட்டுக்குச் சர்க்கரை போகும், சாவு வீட்டில் இருந்து பிறந்த வீட்டுக்கு ஒரு படி அரிசி வரும், ஏரலில் இருந்து வருகிற மேளக்காரர்கள் இரண்டு வீட்டிலும் வாசிப்பார்கள், அடி மட்டும் மாறும்.

அந்தந்த வருஷம் யார் போவார்கள் என்று பாதிப் பேர் விஷயத்தில் தெரியாது என்பதால், புரட்டாசி ஐந்தில் இருந்து பத்து வரைக்கும் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம். பேசாமல் இருப்பவர்கள் முதலில் போக வேண்டும். போனால் ஒரு கை பொரிகடலையும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு “வாரேன்” என்று சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் சொல்லக் கூடாது. இதனால் எங்கள் ஊரில் எந்தச் சண்டையும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்குவதில்லை, ஆனால் பதின்மூன்றாம் தேதி காலையில் எல்லாச் சண்டையும் புதிதாகத் தொடங்கிவிடும்.

தப்பிக்க ஒரே வழி உப்பாற்றுப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் உலகத்தில் எல்லோரும் சாகிற மாதிரி எந்த நாளும் சாகலாம், ஆகவே நோயாளியைப் பத்தாம் தேதி அக்கரைக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டாம் தேதி திரும்பக் கொண்டுவந்துவிட்டால் இன்னொரு வருஷம் கிடைக்கும் என்று ஒருவர் யோசித்து, தன் அண்ணனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் சொன்ன கெடு எப்போதோ முடிந்திருந்த அண்ணன், பாலத்தின் நாலாவது தூணைத் தாண்டும்போது தம்பியின் தோளில் சாய்ந்துவிட்டார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

இதையெல்லாம் எழுதி வைப்பதற்கு ஊரில் ஒரு போர்டு உண்டு. கிளை நூலகத்து வாசலில் தொங்கும் கரும்பலகை அது. மற்ற ஊர்களில் அதில் தினம் ஒரு பொன்மொழி எழுதுவார்கள், இங்கே நூலகர் பால்வண்ணநாதன் தினமும் தேதியைப் போட்டு அதன் கீழே “இன்று ஒன்றும் இல்லை” என்று எழுதுவார், ஒரு நாளும் சலிக்காமல், ஒவ்வொரு நாளும் புதிதாக அழித்து எழுதுவார். புரட்டாசி பதினொன்றில் மட்டும் அந்த ஒரு போர்டு போதாது, பள்ளிக்கூடத்தில் இருந்து மூன்று போர்டு இரவல் வரும். மணி, பெயர், வயது, நடந்தது என்ன, எல்லாம் இரண்டு சாட்சிகள் சொன்ன பிறகுதான் எழுதுவார். அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்குள் போய் முதல் கேள்வியாக “மணி பாத்தீங்களா” என்று கேட்பார், நர்ஸ் பத்து இருபது என்று சொல்லி மாமியார் பத்து இருபத்தஞ்சு என்று சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடிப் போவார். இதற்காக அவரை இன்னும் மன்னிக்காத குடும்பங்கள் இரண்டு உண்டு. ஆனால் போர்டில் வந்தால்தான் வந்தது; அதில் ஏறாத வரைக்கும் சர்க்கரையும் நகராது, அரிசியும் நகராது, மேளக்காரர்கள் டீக்கடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷப் புரட்டாசி பதினொன்றில் அவருக்கு முப்பத்தாறு வயது முடிய இருந்தது. சித்திரை மாதம் மூச்சு வாங்குகிறது என்று தூத்துக்குடியில் காட்டியதில், நெஞ்சுக்குள் ஒரு வால்வு கெட்டு மற்றதையும் கெடுத்துவிட்டது, பத்து நாள் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது அவருடைய ஊர்க் கணக்குக்குச் சரிதான். பால்வண்ணநாதன் அதைக் கேட்டு, நன்றி சொல்லி, பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து, அன்றைய போர்டில் “இன்று ஒன்றும் இல்லை” என்று எழுதினார். அதே வாரம் அவர் மனைவி ஆவுடைக்கு, கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது.

ஆவுடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் பாத்தி மிதித்த கால், சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், எழுதினால் எழுத்து முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப்போகிற மாதிரி நிற்கும். புருஷனுடைய போர்டை அவள் ஒருநாளும் மதித்ததில்லை, ஒன்றும் இல்லை என்பதை எழுதுவதற்குச் சம்பளமா என்று கேட்பாள். அவரும் சிரிப்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவர் அப்படி ஒரு பிரியம், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரியாதது போல இருப்போம்.

ஊர் சந்தோஷப்படத்தான் செய்தது. புரட்டாசிப் பதினொன்றில் ஆவுடைக்குப் பிள்ளை பிறக்கும், அன்றைக்கே பால்வண்ணநாதனும் போவார், எப்படியும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார் என்று பேசிக்கொண்டோம். அவரும் அதைத்தான் நினைப்பவர் போல ஐந்து மாதம் கட்டிலில் உட்கார்ந்து, பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

புரட்டாசி ஆறாம் தேதி மத்தியானம், இந்தத் தடவை போர்டை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. வாசல்வரை நடக்கவே அவரால் முடியாது. நூலகம் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது, நீதான் எழுத வேண்டும் என்று ஆவுடையிடம் சொன்னார். இடுப்பு வலி வந்தால் நான் எங்கே எழுதுவது என்று அவள் கேட்டாள்.

“எனக்கு முடிஞ்ச பெறவுதானே ஒனக்கு வலி வரும்,” என்றார். “அதுவரைக்கும் எழுது, போதும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆவுடை முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், தலையணைக்குக் கீழே இருந்த நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். போர்டை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் நோட்டில் பார்த்தெழுதி வைப்பது நூலகர்களின் வழக்கம், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படி வைத்திருந்தார். முப்பத்தொரு வருஷத்துப் புரட்டாசிப் பதினொன்றுகளில், ஒரே வீட்டில் பிறப்பும் சாவும் சேர்ந்து நடந்தது ஒன்பது தடவை. ஒன்பதிலும் சாவு முந்தி, பிறப்பு பிந்தி. ஒரு வீட்டில் மாமனார் காலை ஆறு மணிக்குப் போக, மருமகள் மாலை ஏழுக்குப் பெற்றாள். இன்னொரு வீட்டில் பதினோரு நிமிஷம்தான் இடைவெளி. இடம் காலியானால்தான் இடம் என்பது போல இருந்தது அந்தப் பட்டியல்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“ஆவணியிலயே.”

“ஆவணியில இருந்து என்கிட்டச் சொல்லாம அட்டை போட்டுக்கிட்டு இருந்தீய.”

“சொல்லி என்னட்டி செய்ய. நடந்தது அப்படித்தான நடந்திருக்கு.” பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், “பாக்கணும்னுதான் ஆசை. மொகம் யாரு மாதிரின்னு ஒரு தடவ பாத்தாப் போதும்.”

அவள் அதற்குப் பிறகு அழவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாலு நாளும் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பொரிகடலை வாங்கிக்கொண்டு “வாரேன்” என்று சொன்னாள், தனக்கு ஒரு தடவையும் அவருக்கு ஒரு தடவையுமாக ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை. ஒன்பது வீட்டு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைய பேச்சு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தது, அங்கே தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரிதான். ஆகவே அவளுக்குக் கருப்பட்டி கொடுத்த கைகள் எல்லாம் கொஞ்சம் பெரிய துண்டாகவே கொடுத்தன.

புரட்டாசி பதினொன்று விடிந்தது. காலை ஆறரை மணிக்கு வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வந்த லூர்தம்மாள்தான் அந்த வருஷத்தின் முதல் செய்தியை முதலில் படித்தவள். போர்டில் இப்படி இருந்தது: “காலை ஒன்பது மணி. ஆவுடைக்கும் பால்வண்ணநாதனுக்கும் மகள் பிறந்தாள். அப்பா பார்த்தார்.”

லூர்தம்மாள் மணி பார்த்தாள். மறுபடியும் படித்தாள். எழுத்து முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் வீட்டுக்குப் போய்ப் பால் பாத்திரத்தை வைத்துவிட்டு, போன வருஷம் தன் மாமியார் போன அன்றைக்குச் சர்க்கரை வந்த எவர்சில்வர் டப்பாவைத் தேடி எடுத்து, அதை நிரப்பிக்கொண்டு ஆவுடை வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்துப் படித்தவர் பூசாரி. ஊரிலேயே குற்றம் கண்டுபிடிப்பதில் முதல் ஆள், பதினான்கு வார்த்தையில் பதினைந்து தப்பு கண்டுபிடிக்கக்கூடியவர். அவர் போர்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கோயிலுக்குப் போய்த் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு உப்பளத்துக்காரர்கள், பிறகு தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், பிறகு மன்னிக்காத அந்த இரண்டு குடும்பங்கள். மூங்கில் வெட்டப் போனவர்கள் பாதி வழியில் கேள்விப்பட்டு அரிவாளோடு திரும்பி வந்தார்கள். நாங்கள் எல்லோரும் படித்தோம். நடக்காத ஒன்று நடந்ததாக எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. போர்டில் வந்தால் வந்தது; அதற்குமேல் என்ன பேச்சு. எட்டு மணிக்கு மேளக்காரர்கள் டீக்கடையில் இருந்து எழுந்து, பிறந்த வீட்டு அடியை வாசித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் இருந்த நர்ஸ் சகாயராணி, உதவிக்கு வந்த பெண்ணிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, ஒரு கட்டிலில் பால்வண்ணநாதனையும் எதிரில் பாயில் ஆவுடையையும் பார்த்து, “பொறந்துட்டுன்னு போட்டிருக்கு, புள்ள எங்க?” என்று கேட்டாள், ஆஸ்பத்திரி ரிக்கார்டில் ஏதோ குறைவது போல.

பால்வண்ணநாதனுக்கு முகம் வெளுத்திருந்தது, உதடு நீலம் பூத்திருந்தது, ஆனாலும் கோபம் வந்தது. அவர் எழுதிய பதின்மூன்று வருஷத்தில் அந்தப் போர்டில் ஒரு பொய் ஏறியதில்லை.

“யாருட்டி இத எழுதுனது?”

“நான்தான்.”

“நடக்காதத எப்படி எழுதுவ? ரெண்டு சாட்சி எங்க?”

ஆவுடை பாயில் கையை ஊன்றி, ஜன்னல் பக்கம் திரும்பிக் காட்டினாள். தெரு முழுக்க நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், கையில் சர்க்கரையும் பழமும் தூளித்துணியுமாக.

“ஊரே நிக்குது,” என்றாள். “எண்ணிக்கிடுங்க.”

அவர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார். எங்களில் சிலருக்கு அவர் பார்வையைச் சந்திக்க வெட்கமாக இருந்தது, ஆனால் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. எட்டே முக்காலுக்கு அவருக்கு நெஞ்சை அடைத்தது. சகாயராணி அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களை நோக்கித் தலையை ஆட்டினாள், சரியில்லை என்பது போல. உள்ளங்கால் அதற்குள் சில்லிட்டுவிட்டது. பத்தாவது வீடும் மற்ற ஒன்பது வீட்டைப் போலத்தான் ஆகப்போகிறது என்றுதான் நினைத்தோம். மேளக்காரர்களில் மூத்தவர், அடியை மாற்றவா என்று கண்ணாலேயே கேட்டார். லூர்தம்மாள் அவரை ஒரு முறை முறைத்தாள், அவர் முன்னைவிட வேகமாகப் பிறந்த வீட்டு அடியையே வாசித்தார். பெண்கள் குலவை போட்டார்கள், பூசாரி முதல்முறையாகப் பக்கத்தில் வந்து ஆவுடையின் நெற்றியைத் தொட்டுத் திருநீறு பூசினார், யாரோ வாசலில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுக்கத் தொடங்கினார்கள், நாங்களும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பெயர் என்ன வைக்கப்போகிறீர்கள், நிறம் யார் நிறம், மூக்கு யார் மூக்கு என்று பிறந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிற எல்லாவற்றையும் சத்தமாகப் பேசினோம். ஒரு ஊர் முழுக்க வந்து நின்று, இனிப்பும் தின்று முடித்த பிறகு, உள்ளே இருக்கிற பிள்ளை என்னதான் செய்யும்? ஆவுடைக்கு வலி பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை, இரண்டு தடவை முக்கினாள், மூன்றாவது தடவைக்கு மகள் வந்து விழுந்தாள்.

சகாயராணி துடைத்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஒவ்வொரு விரலாகப் பார்த்தார், புதிதாக வந்த புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து பார்ப்பது போல, அவசரமே இல்லாமல். அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒம்பது பத்து,” என்றார். “நீ ஒம்பதுன்னு போட்டுருக்க.”

“திருத்திருதேன்,” என்றாள் ஆவுடை. அவள் அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகு அவர் ஏழரை மணி நேரம் இருந்தார். அந்த வருஷம் ஊரில் இன்னும் ஆறு பிறப்பும் நாலு சாவும் நடந்தன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு அவர் கட்டிலுக்கு வந்து மணி சொன்னார்கள், அவர் கேட்டுக்கொண்டார், பிள்ளை அவர் நெஞ்சின் மேல் தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லோரும் தணிந்த குரலில் சொன்னார்கள். எங்களுக்கு அதற்குள் பேராசை பிடித்துவிட்டது. போர்டில் எழுதினால் நடக்கும் என்றால் எழுதாவிட்டால் நடக்காது அல்லவா என்று ஒருவர் சொல்ல, நூலகத்தில் இருந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்துப் பூசாரி மடியில் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை உப்பளத்துக்காரர்கள் கொண்டுபோய்ப் பாத்தியில் கரைத்தார்கள். பிறக்கிற பிள்ளை ஊர் சொல்வதைக் கேட்கும். சாவு எழுதப் படிக்கத் தெரியாதது. பால்வண்ணநாதன் பக்கத்தில் ஆவுடை உட்கார்ந்திருக்க, பிள்ளையின் கை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்க, மூச்சு ஒரு தடவை வந்து, மறு தடவை வரவில்லை.

ஆவுடை கடிகாரத்தைப் பார்த்தாள். லூர்தம்மாளையும் பார்க்கச் சொன்னாள், சகாயராணியையும் பார்க்கச் சொன்னாள். பிறகு சாக்பீஸ் வேண்டும் என்றாள்.

பூசாரி மடியை ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிட்டு, அவிழ்த்தார். பெற்றவளை நடக்க விடக் கூடாது என்று சகாயராணி சொன்னதால், நாலு பேர் போய்ப் போர்டைக் கொக்கியில் இருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரமாக நிறுத்திப் பிடித்தார்கள். அவள் முந்தானையை நனைத்து “ஒன்பது மணி” என்பதை அழித்து, ஒன்பது பத்து என்று திருத்தினாள். கீழே, எழுத்து சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: “மாலை நாலு நாற்பது. பால்வண்ணநாதன், வயது முப்பத்தாறு. மகளைப் பார்த்துவிட்டுப் போனார்.”

எங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான், இருந்தாலும் வாசலில் இருந்தபடி எல்லோரும் ஒரு தடவை படித்தோம். மேளக்காரர்கள் தெருவில் இறங்கி அடியை மாற்றினார்கள். ஆவுடை கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, பிள்ளைக்குப் பசிக்கும், கொடுங்கள் என்று கேட்டாள்.